உடைத்துப் பழக எங்களுக்கென்று ஒரு டேட்டாபேஸ் வேண்டும்: தகவல் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருவனந்தபுரம் தலைமை அலுவலகத்தின் தகவல் பாதுகாப்புக் குழுவினருக்கும் நிர்வாகத்துக்கும்,

கடந்த ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை மூன்று விஷயங்களைச் சொன்னது. டெவலப்பர்களின் லேப்டாப்பில் கன்டெய்னர் மென்பொருள் (டேட்டாபேஸ் போன்ற ஒன்றைத் தனிப் பெட்டிக்குள் போட்டு ஓட்டும் கருவி) எதுவும் இருக்கக் கூடாது. எல்லோரும் விபிஎன் (அலுவலகத்துக்கான பாதுகாப்பான இணைய இணைப்பு) வழியாக, தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒரே டெவலப்மென்ட் டேட்டாபேஸ் சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும். தவிர்க்கவே முடியாது என்றால் டிக்கெட் போட்டு அனுமதி வாங்கி, ஒரே ஒரு பதிப்பை லேப்டாப்பில் நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். மூன்று நாள் அவகாசம் கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் செங்கோட்டை அலுவலகத்தில் பதினான்கு பேரும் உட்கார்ந்து, இரண்டு வருடமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்தோம்.

நாலு மாதம் ஆகிவிட்டது. இதற்குள் உள் அஞ்சலில் மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதை டிக்கெட்டாக மாற்றி, "கொள்கை முடிவு" என்று எழுதி மூடிவிட்டார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எங்கும் சொல்லவில்லை. அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது என் நோக்கம் இல்லை. ஆறு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். இன்னும் பார்க்க விரும்புகிறேன். வேறு இடங்களில் இருக்கும் நண்பர்களும் இதே மாதிரி உத்தரவுகளைப் பற்றிச் சொல்வதால், இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதும் தெரிகிறது.

கன்டெய்னர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் அதை எதற்காக வைத்திருந்தோம் என்பது உங்கள் சுற்றறிக்கையில் ஓர் இடத்திலும் இல்லை. ஆகவே சொல்கிறேன். ஒவ்வொரு புராஜெக்டின் கோடுடனும், அதாவது நிரலுடனும், ஒரு சின்னக் கோப்பு இருந்தது, இருபது இருபத்தைந்து வரி. எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, எந்த போர்ட் (இணைப்பு வாசல் எண்), என்ன அமைப்பு, தொடக்கத்தில் என்ன மாதிரித் தரவு என்று அதில் எழுதியிருக்கும். ஒரே கட்டளை. நாற்பது நொடியில் வாடிக்கையாளரிடம் ஓடுவதைப் போன்ற ஒரு டேட்டாபேஸ் என் லேப்டாப்பில் எழுந்து நிற்கும். அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பாழானால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எழுப்பிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அது நடந்ததே தெரியாது.

அதை எடுத்துவிட்டு என்ன கொடுத்தீர்கள் என்பதற்கு ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

ஜூலை இரண்டாவது வாரம். மதியம் ஒன்றேகால் மணி. நம் மென்பொருள் காய்கறிக் கமிஷன் கடைகளுக்கானது. எங்கள் அலுவலகத்து அண்ணன் ஒருவர் ஏலத் தொகை ஏன் தப்பாக வருகிறது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். கோடில் ஒரு வரியில் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தி, மதிப்புகளைப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அப்படியே சாப்பிடப் போனார். நம்மில் யாரும் செய்வதுதான். விற்பனை டேபிளைப் படித்த அவருடைய வேலைத் தொகுதி, அதாவது டிரான்சாக்‌ஷன் முடியாமல் திறந்தபடி நின்றது. ஐந்து நிமிடம் கழித்து, உங்கள் பக்கம் ஒருவர் அதே டேபிளில் ஒரு புதிய ஃபீல்டு சேர்க்க மைக்ரேஷன் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) ஓட்டினார். அந்த வேலைக்கு டேபிள் முழுவதற்கும் தனிப் பூட்டு வேண்டும். அண்ணனின் டிரான்சாக்‌ஷன் விலகாமல் அது கிடைக்காது. அதுவரை அந்த ஒருவர் மட்டும் காத்திருந்தால் சரி என்று விட்டிருக்கலாம். நாம் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது. அந்தப் பூட்டுக்காக ஒருவர் வரிசையில் நின்றுவிட்டால், அவருக்குப் பின்னால் வருகிறவர்கள், வெறுமனே படிக்க வந்தவர்கள்கூட, அவர் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இங்கே பதினான்கு பேர், அங்கே ஒன்பது பேர். இருபத்திமூன்று திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரால் நிற்கிறது என்று சர்வரின் செயல்பாட்டுப் பட்டியலில் பார்த்தேன்; அண்ணனின் பயனர் பெயருக்கு நேரே, டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா நிற்பதாகக் காட்டியது. அந்த இணைப்பைத் துண்டிக்க எங்களுக்கு உரிமை இல்லை. உரிமை உள்ள அட்மின் சேட்டனைப் போனில் கூப்பிட்டேன். அவரும் சாப்பிடப் போயிருந்தார். ஒன்று ஐம்பதுக்கு ஒரு தடவை, ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு தடவை. இரண்டு ஐந்துக்கு அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார், ஒரு பட்டனை அழுத்தினார். இருபத்திமூன்று திரையும் ஒரே நேரத்தில் அசைந்தன. நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள மனிதர். அன்று சாயங்காலம் வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் செய்தது தப்பே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவருடைய சொந்த கன்டெய்னரில் அது நடந்திருந்தால், அவருடைய வேலை மட்டும் அவருக்காகக் காத்திருந்திருக்கும்.

அதன் பிறகு, அப்படிச் சும்மா நிற்கும் டிரான்சாக்‌ஷனை ஐந்து நிமிடத்தில் துண்டிக்கும்படி சர்வரை அமைத்தீர்கள். இப்போது பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு ஆறு நிமிடம் யோசித்தால் இணைப்பு அறுந்துவிடுகிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. யோசிப்பதுதானே எங்கள் வேலை?

இணைப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளை ஏற்கும்; அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. நம் ஜாவா ஆப் ஒவ்வொன்றும் எழுந்தவுடனே 10 இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓட்டினாலே கணக்கு முடிந்தது. பதினோராவது ஆள் "ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்ற பிழைச் செய்தியைப் படித்துவிட்டு, யாராவது மூடுவார்களா என்று அலுவலகத்தில் குரல் கொடுக்கிறார். தினமும் நடக்கிறது.

அப்புறம் மழை. திருவனந்தபுரத்தில் மழை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சர்வர் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு அது விபிஎன்னின் அந்தக் கோடியில். சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்றில் கம்பத்தில் போகும் கேபிள்கள் என்ன பாடு படும் என்பது புளியரையில் குடியிருக்கும் எனக்குத் தெரியும். ஆடி மாதத்தில் மட்டும் பதினோரு வேலை நாளில் இணைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். முன்பெல்லாம் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும், வேலை நடக்கும். இப்போது லேப்டாப் உயிரோடு இருக்கிறது, டேட்டாபேஸ் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. இங்கிருந்து சர்வருக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஏறத்தாழ 38 மில்லிநொடி ஆகிறது. நம் பில்லிங் புராஜெக்டின் டெஸ்ட் முழுவதையும் ஒரு தடவை ஓட்டினால் 6,000 கேள்விகள் போகும். பெருக்கிப் பாருங்கள், 228 நொடி. போகவர மட்டுமே கிட்டத்தட்ட நாலு நிமிடம். என் லேப்டாப்பிலேயே டேட்டாபேஸ் இருந்தபோது மொத்தமும் 50 நொடியில் முடிந்தது. ஒரு நாளில் முப்பது தடவை ஓட்டுகிற ஆள் நான். இப்போது ஆறு ஏழு தடவைதான் ஓட்டுகிறேன். மற்ற நேரத்தில் சரியாக இருக்கும் என்று நம்பி அனுப்புகிறேன். இப்படி நம்பி அனுப்பியதில்தான் ஓணம் வாரத்தில் மாட்டிக்கொண்டோம்.

அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலை ஏறும் லாரிகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓணத்துக்கு முந்தைய பத்து நாளில் புளியரை செக்போஸ்ட் வழியாக எத்தனை போகும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். நம் மென்பொருளை வைத்திருக்கும் கமிஷன் கடைகளுக்கு வருடத்திலேயே பெரிய வாரம் அது. அந்த வாரத்தில், விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்யும் பட்டியலைத் தயாரிக்கிற பகுதியில் ஒரு மாற்றம் செய்து அனுப்பினோம். ஒரு பக்கம் டேட்டாபேஸிலிருந்து பெயர் வரிசையில் வரும் விற்பனைகள். இன்னொரு பக்கம் ஜாவாவில் பெயர் வரிசையில் அடுக்கிய கணக்குகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடந்துபோய் ஜோடி சேர்க்கும் கோடு. இங்கே ஓட்டிய எல்லா டெஸ்டும் தேறியது. கடையில் போட்டதும் சில விவசாயிகளின் பெயர் பட்டியலிலேயே வரவில்லை.

காரணம் தமிழ் அகரவரிசை. கனகராஜ், கலைச்செல்வி, கவிதா என்று மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்திருக்கும் யூனிகோட் எண் வரிசையில் ன என்ற எழுத்து ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகராஜ் முதலில் வருவார். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் ன-தான் கடைசி மெய். கலைச்செல்வி, கவிதா, அப்புறம்தான் கனகராஜ். உங்கள் பொது சர்வர் எண் வரிசையில் அடுக்கும்படி அமைக்கப்பட்டது. ஜாவாவில் நாங்கள் எழுதிய ஒப்பீடும் அதே எண் வரிசை. இரண்டும் ஒத்துப்போனதால் டெஸ்ட் தேறிவிட்டது. கடையில் இருக்கும் டேட்டாபேஸ் அந்தந்த மொழி வரிசையில் அடுக்கித் தரும் ஐசியூ என்ற மென்பொருள் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துகிறது. வாடிக்கையாளர் கேட்டு நாமே அப்படி அமைத்துக் கொடுத்தோம். அங்கே இரண்டு வரிசையும் பிசகி, நடந்துபோகும் கோடு கனகராஜைத் தாண்டிப் போய்விட்டது.

கோடை அப்படி எழுதியது எங்கள் தப்பு. மறுக்கவில்லை. வரிசையை நம்பி ஜோடி சேர்த்திருக்கக் கூடாது. ஆனால் அந்தத் தப்பைப் பிடித்திருக்க வேண்டிய இடம் டெவலப்பரின் மேசை. முன்பு எங்கள் கோப்பில் அந்தக் கடைக்கான டேட்டாபேஸ் தமிழ் வரிசையோடு எழும்படி ஒரு வரி இருந்தது. ஜூனில் நாங்கள் அழித்தவற்றில் அதுவும் ஒன்று. பொது சர்வரில் அதை மாற்றிக் கேட்கவும் முடியாது. டேட்டாபேஸை உருவாக்கும்போதே வரிசை முடிவாகிவிடுகிறது. அது மட்டுமில்லை, ஒரு டேட்டாபேஸ் முழுவதற்கும் ஐசியூ வரிசையை வைக்கும் வசதியே போஸ்ட்கிரெஸ் 15-இல்தான், 2022-இல்தான், வந்தது. உங்கள் சர்வரில் ஓடுவது 12.

காய்கறி போட்டுவிட்டு ஓணச் செலவுக்குப் பணம் வாங்க வந்த ஒரு பெரியவரிடம், "உங்க பேரு லிஸ்ட்ல இல்லியே" என்று கடைக்காரர் சொன்னபோது நான் போனின் இந்தப் பக்கம் இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. "நல்லாப் பாருங்க தம்பி, எடை போட்ட சிட்டை இருக்கு" என்று மட்டும் சொன்னார். சிட்டையைப் பார்த்துக் கையால் கணக்கு எழுதி, கடைக்காரரே பணம் கொடுத்தார். இரண்டு நாள் அப்படி நடந்தது. பட்டுவாடாவுக்குக் கம்ப்யூட்டரை நம்பச் சொன்னது நாம்தான்.

12 என்ற எண்ணைச் சொன்னேன் அல்லவா? போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2019 அக்டோபரில் வந்த 12-க்கு 2024 நவம்பரோடு அது நின்றுவிட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி எங்களைத் தள்ளிய இடம், திருத்தமே வராத சர்வர். எங்கள் கன்டெய்னர்களில் ஓடியது 14-உம் 16-உம், வாடிக்கையாளரிடம் இருக்கும் அதே பதிப்புகள். 15-இல் வந்த மெர்ஜ் கட்டளையைப் பயன்படுத்தும் கோடை இப்போது இங்கே ஓட்டிப் பார்க்கவே வழியில்லை. எழுதிவிட்டு, கடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்ப வேண்டியிருக்கிறது.

நேரடியாக நிறுவிக்கொள்ள அனுமதி இருக்கிறதே என்பீர்கள். உபுண்டு லினக்ஸில் இரண்டு மூன்று பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுவலாம், எனக்குத் தெரியும். நீங்கள் அனுமதிப்பது ஒன்றே ஒன்று. அதைவிட முக்கியமாக, அப்படி நிறுவியதில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்த லேப்டாப்போடு போய்விடும். எந்த அமைப்பை யார் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கோடோடு இருக்கும் கோப்பில் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயரும் தேதியும் இருக்கும். தணிக்கை வேண்டும் என்பவர்கள் நீங்கள். உங்களுக்குத்தான் அது பிடித்திருக்க வேண்டும்.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன். அவை வெற்றுப் பயங்கள் இல்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

சுற்றறிக்கையில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருந்தீர்கள்: வெளியூர் போன டெவலப்பர் ஒருவர், ஹோட்டல் வைஃபையில் இருந்தபோது அவருடைய லேப்டாப்பின் 5432 போர்ட், அதாவது போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட், எல்லோருக்கும் திறந்திருந்தது. பாஸ்வேர்டும் எளிதில் ஊகிக்கக் கூடியது. உண்மை. கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளில் போர்ட்டை மட்டும் சொல்லி, முகவரியைச் சொல்லாமல் விட்டால், அது எல்லா நெட்வொர்க்கிலும் கேட்கத் தொடங்கும். அது போடும் விதிகள் உபுண்டுவின் வழக்கமான ஃபயர்வாலையும் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தவருக்கும் பாதுகாப்பு இருந்திருக்காது. ஆனால் இதற்கு மருந்து, போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்ற, அந்த லேப்டாப்பை மட்டும் குறிக்கும் முகவரியையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்ப்பது. பத்தே எழுத்து. டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில், ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்கள் அதையும் மீறி நுழைய வழி இருந்தது. ஆகவே 28-க்குக் குறைந்த பதிப்பு கூடாது என்று ஒரு விதி போடுங்கள். பத்து எழுத்தும் ஒரு விதியும் போதும் இடத்தில் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல ஆகிவிட்டது.

டாக்கர் குழுவில் சேர்க்கப்பட்ட பயனர் அந்த மெஷினில் ரூட்டுக்கு, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனருக்கு, சமம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் சரி. அது வேண்டாம் என்றால் பாட்மேன் என்ற இன்னொரு கன்டெய்னர் மென்பொருள் இருக்கிறது. பின்னணியில் ரூட் உரிமையோடு எதுவும் ஓடாது, சாதாரணப் பயனராகவே கன்டெய்னரை எழுப்பலாம். எங்கள் கோப்புகளைச் சின்ன மாற்றத்தோடு அதில் ஓட்டலாம். நான் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் பற்றிய பயத்துக்கு அதிக இடம் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் இறுதியில் அறிவித்த கட்டண மாற்றம் டாக்கர் டெஸ்க்டாப்புக்கு மட்டும். 250 பேருக்குக் குறைவாகவும், வருட வருமானம் ஒரு கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கு அதுவும் இலவசம்தான். நாம் மொத்தமே நாற்பது பேர். அதோடு எங்கள் லேப்டாப் எல்லாமே லினக்ஸ். அதில் ஓடுவது திறந்த மூல எஞ்சின்.

யாரோ எங்கோ செய்து வைத்த இமேஜை (கன்டெய்னரை எழுப்பும் மூலப் பொதியை) இறக்குவது ஆபத்து என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நாங்களும் இதில் அடிபட்டிருக்கிறோம். ஆரம்பத்தில் ஒரு புராஜெக்டில் பதிப்பு எண்ணை எழுதாமல் "லேட்டஸ்ட்" என்று விட்டிருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை அது 15-இலிருந்து 16-க்குத் தாவியது. 15 எழுதிய கோப்புகளை 16 திறக்காது. டேட்டாபேஸ் எழவே மறுத்துவிட்டது. அன்றிலிருந்து எண் இல்லாமல் எதையும் எழுதியதில்லை. நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அதிகாரபூர்வ இமேஜ்களை மட்டும் நீங்களே சோதித்து, நம் சொந்தக் களஞ்சியத்தில் வைத்து, அங்கிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கும் நல்லது. 2020 நவம்பரில், இமேஜ்களின் பொதுக் களஞ்சியமான டாக்கர் ஹப் இறக்கத்துக்கு வரம்பு வைத்ததிலிருந்து, ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கும் எங்களைப் போன்ற அலுவலகங்கள் அதில் இடித்துக்கொள்வது உண்டு.

கடைசியாக, வாடிக்கையாளர் தரவு லேப்டாப்பில் இருக்கக் கூடாது என்றீர்கள். இருக்கவே கூடாது. இதில் உங்களோடு முழுதாக நிற்கிறேன். அப்படியென்றால் பொது சர்வரில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிழையைத் தேடுவதற்காகக் கொண்டுவந்த முழு நகல் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. விவசாயிகளின் பெயர், ஊர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண். இந்த மலைக்கு இரண்டு பக்கத்து மக்களும் அதில் இருக்கிறார்கள். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தான். அந்தப் பட்டியலில் அம்மா வீடு இந்தப் பக்கமும் அப்பா வீடு அந்தப் பக்கமும் உள்ளவர்கள் நிறைய. எனக்குத் தெரிந்த பெயர்களும் இருக்கின்றன. இருபத்திமூன்று பேரால், போன மாதம் சேர்ந்த பயிற்சியாளர் உட்பட, அதை வாசிக்க முடியும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. எங்கள் கன்டெய்னர்களில் ஓர் உண்மையான பெயர்கூட இருந்ததில்லை. மாதிரித் தரவு முழுவதையும் நாங்களே எழுதினோம்: 200 விவசாயிகள், 40 கடைகள், தமிழிலும் மலையாளத்திலும் பெயர்கள், வேண்டுமென்றே சேர்த்த கோணல் எடைகள்.

அந்தப் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தென்காசிப் பக்கத்துப் பையன். வீட்டில் முதல் பட்டதாரி. இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கை, முதல் வாரத்திலேயே டேட்டாபேஸை எட்டு தடவை பாழாக்கினாள். மாதிரித் தரவுக் கோப்பைத் திருத்திவிட்டு, மாற்றம் வரவில்லையே என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். வால்யூம், அதாவது டேட்டாபேஸ் தன் தரவை வைக்கும் இடம், காலியாக இருந்தால்தான் அந்தக் கோப்பு ஓடும் என்பதை அவளே கண்டுபிடித்து, எழுந்து வந்து எனக்குச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது. இன்று கஷ்டமான மைக்ரேஷன்களை எழுதுவது அவள்தான்.

இந்தப் பையனோ, ஓர் அப்டேட் கட்டளையை எழுதிவிட்டு என்டரை அழுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். "அக்கா, இது எல்லாருக்கும் போயிருமா?" என்று கேட்கிறான். போகும். அவன் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால் இருபத்திமூன்று பேருடைய தரவும் மாறும். அதனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அவன் பின்னால் நின்று வாசித்துவிட்டு, சரி, அழுத்து என்கிறேன். ஐந்து வாரமாகிறது. இன்னும் ஒரு டேபிளைக்கூட அவன் தானாக உருவாக்கியதில்லை.

கன்டெய்னரால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. வேகச் சோதனைக்கு என் லேப்டாப் சாட்சி ஆகாது. எல்லோருடைய வேலையும் ஒன்றுசேர்கிற இடத்தில் ஒரு பொது சர்வர் வேண்டும். ஆனால் தினசரி வேலைக்கு, ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒன்று வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவை.

ஜூன் சுற்றறிக்கையின் தடையை நீக்குங்கள். அதன் இடத்தில் விதிகளை வையுங்கள்: போர்ட் 127.0.0.1-இல் மட்டும், டாக்கர் என்றால் 28 அல்லது அதற்குப் பிந்தையது, ரூட் பற்றிக் கவலை என்றால் பாட்மேன், நம் களஞ்சியத்து இமேஜ்கள் மட்டும், எப்போதும் பதிப்பு எண்ணோடு. இந்த விதிகளை எழுதும் வேலையில் பாதியை நான் செய்கிறேன். வரைவு தயாராகவே இருக்கிறது. ஐப்பசி மழை வலுப்பதற்குள், பதினைந்து நாளில், இதை முடிக்கக் கேட்கிறேன்.

ஒவ்வொரு புராஜெக்டின் கோடுடனும் அதன் டேட்டாபேஸ் கோப்பு இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். வாடிக்கையாளரிடம் என்ன பதிப்பு, என்ன அகரவரிசை அமைப்பு உள்ளதோ அதுவே அதிலும் இருக்க வேண்டும்.

பொது சர்வரில் இருக்கும் வாடிக்கையாளர் நகலை இந்த வாரமே அழியுங்கள். இதற்கு மட்டும் பதினைந்து நாள்கூடப் பொறுக்க முடியாது. அழித்ததை எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம் அந்த சர்வரைத் திருத்தம் வருகிற ஒரு பதிப்புக்கு மாற்றி, எல்லோருடைய வேலையும் சேரும் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பர்களின் கருவிகள் பற்றிய எந்த முடிவுக்கும் முன்னால், அதைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரை, செங்கோட்டையிலிருந்து ஒருவரையாவது, குழுவில் உட்கார வையுங்கள்.

உங்களில் ஒருவர் ஒரு நாள் இங்கே வரவும் கேட்கிறேன். கொல்லத்தில் ரயில் ஏறினால் பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டி, மலையைக் குடைந்து, நேராகச் செங்கோட்டையில் இறக்கிவிடும். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அந்தப் பையனின் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செங்கோட்டை அலுவலகத்து டெவலப்பர் ஒருத்தி
புளியரை